அந்த மரம் பண்ணையாருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ‘தி ட்ரீ ஆஃப் வுடன் க்ளாக்ஸ்’ (மரச்செருப்புகளின் மரம்) என்ற இத்தாலியப் படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1978இல் வந்த படம். மூன்று மணி நேரம் ஓடும். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. அப்படிப்பட்ட படத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. எழுதியவர் ரசித்துப் பார்த்திருக்கிறார் என்பதும் தெரிகிறது. ஆனால், மகன் பள்ளிக்கூடம் போக மரச்செருப்பு செய்து தருவதற்காகத் தகப்பன் தன் வயலோரத்து மரத்தை வெட்டுகிறான் என்று எழுதியிருக்கிறாரே, அந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். வயல் அவனுடையது இல்லை. வாய்க்கால் கரை அவனுடையது இல்லை. மரமும் அவனுடையது இல்லை. அவனுடையதாக இருந்திருந்தால் படமே இல்லை.

நான் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், அனுபவிப்பது யார், வரப்பில் எத்தனை மரம் என்று வருஷா வருஷம் அடங்கல் எழுதியவன். புறம்போக்கில் நின்ற ஒரு புளியமரத்தின் பலனை அனுபவிக்கும் உரிமையான 2சி பட்டாவுக்காக அண்ணனும் தம்பியும் பத்து வருஷம் பேசாமல் இருந்ததைப் பார்த்தவன். அதனால் திரையில் யாராவது கோடாலியைத் தூக்கினால், அவன் முகத்தைப் பார்க்கும் முன்பே மரம் யார் பேரில் இருக்கிறது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். தொழில் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் நூலகத்தில் இந்தப் படத்தைப் போட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நிலக்காரனுக்குப் போகும் மேல்வாரம் எவ்வளவு, உழுதவனுக்கு மிஞ்சும் குடிவாரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இது நானாக வலிந்து போட்ட கணக்கு இல்லை. இயக்குநர் எர்மான்னோ ஓல்மி படத்தின் தொடக்கத்திலேயே இதை எழுத்தில் காட்டிவிடுகிறார். 19ஆம் நூற்றாண்டின் கடைசி. வட இத்தாலியில் லொம்பார்தி பகுதி, பெர்கமோ நகரத்துக்குக் கீழே உள்ள சமவெளி. ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடும்பங்கள் குடியிருக்கும் பெரிய பண்ணை வீடு. வீடு, தொழுவம், நிலம், மரங்கள், கால்நடையில் ஒரு பகுதி எல்லாம் பண்ணையாருக்குச் சொந்தம். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கே. மரங்கள் என்பது அந்தப் பட்டியலில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது, கவனியுங்கள். நிறையப் பேர் அந்த எழுத்து ஓடும்போது இன்னும் நாற்காலியில் சரியாக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். உங்கள் கட்டுரையாளரும் அப்படித்தான் தவறவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதைத் தவறவிட்டால் அப்புறம் வருவதெல்லாம் வேறு மாதிரி தெரியும். வறுமையிலும் நிம்மதி, எளிமையின் அழகு என்று கட்டுரை போகிறது. அழகு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பனி மூடிய வயல், சாயங்காலம் தொழுவத்தில் மாடுகளின் கதகதப்பில் எல்லாரும் கூடிக் கதை பேசுவது, பின்னணியில் பாஹின் ஆர்கன் இசை எல்லாம் மனசை அள்ளுவதுதான். ஆனால் அவர்கள் ஏன் தொழுவத்தில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள்? குளிருக்கு விறகு எரிக்கக் கட்டுப்படியாகாது. மாட்டின் மூச்சுச் சூடு இலவசம். அந்தக் காலத்து வட இத்தாலியக் கிராமங்களில் குளிர்கால இரவுகள் இப்படித்தான் கழிந்தன. பெண்கள் அங்கேயே நூல் நூற்பார்கள், பிள்ளைகள் அங்கேயே தூங்கிவிழுவார்கள்.

தகப்பன் பெயர் பாத்திஸ்தி. மகன் மினெக், ஆறு வயசுப் பையன். தாய் நிறைமாதம். மூன்றாவது பிள்ளையை மருத்துவச்சி இல்லாமலேயே பெற்றுவிடுகிறாள், செலவு மிச்சம் என்று. படத்தில் அதை ஒரு சாதனையாகக்கூடக் காட்டுவதில்லை. போகிற போக்கில் வந்துவிட்டுப் போகிறது. பக்கத்து வீட்டில் ருங்க் என்கிற விதவை. ஆறு பிள்ளைகள். ஊரார் துணி துவைத்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். கடைசி இரண்டு பிள்ளைகளை அநாதை இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்று பாதிரியார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். மூத்த பையன் மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வேண்டாம், தேவைப்பட்டால் ராத்திரியும் உழைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்கிறான். அவனுக்குப் பதினான்கு பதினைந்து வயது இருக்கும். மினெக்குக்காகக் கண்ணீர் விடுபவர்கள் இந்தப் பையனையும் கொஞ்சம் பார்க்கலாம். இவனுக்குப் பள்ளிக்கூடம் போகச் செருப்பு செய்து தர அப்பா இல்லை.

அப்புறம் அந்த எடை போடும் காட்சி. மக்காச்சோளத்தை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து பண்ணையார் முன்னால் எடை போடுகிறார்கள். ஃபினார்த் என்ற கஞ்சன் தன் வண்டியில் கல்லைப் போட்டு எடையைக் கூட்டுகிறான். திரையரங்காக இருந்தால் இங்கே சிரிப்பு எழும். எங்கள் நூலகத்திலும் எழுந்தது. அவன் செய்வது தப்புதான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் கல்லைத் தேடாமல் வேறு என்ன செய்வான்? எடைக்கல்லும் தராசும் யார் கையில் இருக்கிறதோ அவர்களை ஏமாற்றக் குடியானவன் கண்டுபிடிக்கிற வழிகள் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போல.

கட்டுரையில் இன்னொரு இடம். கலப்படமில்லாத இயற்கை உணவு சாப்பிட்டு அந்த மக்கள் திடகாத்திரமாக வாழ்ந்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. இதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் சாப்பிட்டது பொலெந்தா. மக்காச்சோள மாவைத் தண்ணீரில் கொட்டிக் கிண்டிய களி. காலையிலும் அதுதான், ராத்திரியும் அதுதான். கோதுமை விற்பனைக்கும் பண்ணையார் பங்குக்கும் போய்விடும். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் நம் உடம்பில் ஒட்டாத வடிவத்தில் இருக்கிறது. மெக்சிகோவில் அந்தப் பயிரை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிடுபவர்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்துத்தான் அரைப்பார்கள், அப்போது அது உடம்பில் சேரும். ஐரோப்பாவுக்குப் பயிர் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை. பாலும் இறைச்சியும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. களியை மட்டுமே நம்பியிருந்த குடியானவர்களுக்குப் பெலாக்ரா என்ற நோய் வந்தது. வெயில் படும் இடத்தில் தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி பேதலிக்கும். 1881இல் எடுத்த கணக்கில் இத்தாலியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அதில் மிகப் பெரும்பாலோர் வெனெத்தோ, லொம்பார்தி பக்கத்தவர்கள், அதாவது இந்தப் படத்தின் சனங்கள். மனநோய் விடுதிகள் அவர்களால் நிரம்பின. கெட்டுப்போன சோளத்தின் நஞ்சுதான் காரணம் என்று பெரிய மருத்துவர்களே வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1902இல் இந்த நோய்க்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. திடகாத்திரமாம்!

நாலு குடும்பத்தில் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது ருங்க் வீட்டுத் தாத்தா அன்செல்மோதான். பேத்தி பெத்தினாவைக் கூட்டிக்கொண்டு பனிக்காலத்திலேயே ரகசியமாகத் தக்காளி வளர்க்கும் வேலையைத் தொடங்குகிறார். எல்லாரும் போடும் மாட்டெருவை விட்டுவிட்டுக் கோழி எச்சத்தை எருவாகப் போடுகிறார். அது மண்ணுக்குச் சூடு தரும் என்பது அவர் கணக்கு. மற்றவர்களுக்கு முன்னால் பழுத்த தக்காளியைப் பேத்தியோடு டவுனுக்கு எடுத்துக்கொண்டு போய் நல்ல விலைக்கு விற்கிறார். என் கண்ணுக்குப் பட்டவரை, பண்ணையார் பங்கைப் பற்றிய பேச்சே வராத விளைச்சல் அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ கிழவர் முகத்தில் அப்படி ஒரு குஷி.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பையனுக்கு அறிவு இருக்கிறது, அனுப்பு என்று பாதிரியார் தோன் கார்லோதான் சொல்கிறார். பாத்திஸ்தி உடனே தலையாட்டிவிடவில்லை. வீட்டில் இன்னொரு பிள்ளை வரப்போகிறது, கைக்கு ஆள் வேண்டும், பள்ளிக்கூடம் வெகுதூரம். அந்தத் தயக்கத்தைக் கட்டுரை அறியாமை என்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. இத்தாலியில் கட்டாயக் கல்விச் சட்டம் 1877இலேயே வந்துவிட்டது. ஆறு வயது முதல் ஒன்பது வயது வரை எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். ஆனால் பள்ளிக்கூடம் நடத்தும் செலவை உள்ளூர் நகராட்சி தலையில் கட்டிவிட்டார்கள். அந்த நகராட்சிகளோ ஏழை. நகரசபையில் உட்கார்ந்திருந்தவர்களும் பெரும்பாலும் நிலக்காரர்களே. தன் வயலில் வேலை செய்யும் பையன் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள அவர்கள் எதற்கு வரி கட்டப் போகிறார்கள்? 1911இல்தான் தொடக்கப் பள்ளிகளை அரசாங்கம் நேரடியாக எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. நாடு ஒன்றான 1861இல் முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1901இலும் ஏறக்குறையப் பாதிப் பேர் அப்படியே இருந்தார்கள். சட்டப் புத்தகத்தில் மினெக்குக்குப் பள்ளி இருந்தது. அவன் காலுக்குத் தாங்கும் செருப்பு இல்லை.

கடைசியில் மினெக் பள்ளிக்கூடம் போகிறான். திரும்பி வரும் வழியில் அவன் செருப்புக் கட்டை பிளந்துபோகிறது. ராத்திரி பாத்திஸ்தி வாய்க்கால் ஓரம் வரிசையாக நிற்கும் மரங்களில் ஒன்றை வெட்டுகிறான். வெட்டிய துண்டை மறைத்து எடுத்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாமல் செதுக்குகிறான். அவன் மறைப்பதைப் பார்த்தாவது கட்டுரையாளருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தன் மரத்தை வெட்டுகிறவன் ஏன் ராத்திரியில் வெட்டுகிறான்?

அடிமரத்தைப் பார்த்துவிட்டார்கள். யார் என்று விசாரித்தார்கள். குடும்பத்தையே வெளியேற்றினார்கள். ஒரு செருப்புக் கட்டைக்கு இவ்வளவு தண்டனையா என்று கேட்கத் தோன்றும். பண்ணையின் கணக்குப்படி இது செருப்பு விவகாரம் இல்லை. குடியிருப்பும் சாகுபடியும் ஒரே பேச்சில் அடங்கியவை. நிலம் போனால் வீடும் போகும், மாட்டில் பண்ணையார் பங்கும் போகும். ஒருத்தன் ஒரு மரத்தை வெட்டி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், நாளைக்கு நாலு பேரும் வெட்டுவார்கள் என்று காரியஸ்தர் சொல்வார். அந்தப் பக்கத்தில் சாகுபடி ஆண்டு முடிவது நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அறுவடை முடிந்திருக்கும், குளிர்காலம் வாசலில் நிற்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத குடும்பங்கள் அன்றைக்குப் பாயும் பாத்திரமும் கோழிக்கூடும் ஏற்றிய வண்டிகளோடு சாலையில் போகும். வருஷா வருஷம் நடக்கிற ஊர்வலம் அது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, வாசலுக்குக்கூட வரவில்லையே என்று கட்டுரையாளர் வருத்தப்படுகிறார். அவர் மட்டும் இல்லை. படம் வந்தபோது இத்தாலியில் இடதுசாரி விமர்சகர்கள் பலரும் இதையேதான் கேட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1976இல், இயக்குநர் பெர்த்தொலூச்சியின் ‘நோவெசெந்தோ’ படம் வந்திருந்தது. அதில் குடியானவர்கள் செங்கொடியோடு எழுந்து நிற்கிறார்கள். ஓல்மியின் ஆட்கள் வீட்டுக்குள் இருந்து பிரார்த்தனை செய்கிறார்கள். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் நான் ஓல்மி பக்கம். அந்த மூன்று குடும்பமும் அதே பண்ணையார் வீட்டில், அதே பேச்சில் இருக்கிறார்கள். வெளியே வந்து நின்றால் பாத்திஸ்தியின் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி போகும், அவ்வளவுதான். ஓல்மிக்கு அரசியல் தெரியாமல் இல்லை. திருவிழாவில் ஒருவர் மேடையேறி ஏழைகளின் உரிமையைப் பற்றிப் பேசுகிற காட்சி இருக்கிறது. கூட்டத்தில் நம் ஃபினார்த்தும் நிற்கிறான். அவன் கண் தரையில் கிடக்கிற தங்கக் காசின் மேல். பேச்சு முடிகிறதோ இல்லையோ, காசை எடுத்துக்கொண்டு ஓடி வந்து குதிரையின் குளம்பில் ஒளித்து வைக்கிறான். அப்புறம் அது அங்கே இல்லை. குதிரையோடு சண்டை போட்டுக் காய்ச்சலில் விழுகிறான். இந்தக் கிண்டல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்தக் காலத்துத் தகப்பன்மார்களுக்குக் கல்வியின் அருமை தெரிந்திருந்தது என்று கட்டுரை முடிகிறது. இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அதுவும் இத்தாலியிலிருந்தே. ஓல்மியின் படத்துக்கு 1978இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே விருதை வாங்கியது தவியானி சகோதரர்களின் ‘பாத்ரே பத்ரோனே’. சார்தீனியத் தீவில் சிலிகோ என்ற ஊரில் பிறந்த கவினோ லெத்தா 1975இல் எழுதிய தன் வரலாற்றிலிருந்து எடுத்தது. அதிலும் ஆறு வயசுப் பையன், அதிலும் பள்ளிக்கூடம். ஆனால் அந்தத் தகப்பன் வகுப்புக்குள் நுழைந்து, ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று பையனை இழுத்துக்கொண்டு போகிறான். மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வெளியே போனவன் திரும்பி வந்து, இன்றைக்கு இவன், நாளைக்கு உங்கள் முறை என்கிற அர்த்தத்தில் அவர்களை மிரட்டுகிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது. கவினோ கிட்டத்தட்ட இருபது வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் மேய்ச்சல் காட்டில் தனியாகக் கிடந்து, ராணுவத்துக்குப் போய் எழுத்துப் படித்து, கடைசியில் மொழியியல் அறிஞர் ஆனார். படத்தின் தொடக்கத்தில் அவரே வந்து, தகப்பனாக நடிப்பவர் கையில் ஒரு கம்பைச் சீவிக் கொடுத்து அனுப்புகிறார்.

இரண்டு தகப்பன்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவன் நல்லவன், ஒருவன் கொடியவன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சார்தீனியாக்காரனுக்குச் சொந்தமாக மந்தை இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இருக்கிறது. அதைக் காக்கச் சம்பளம் இல்லாத ஆள் வேண்டும், ஆகவே பிள்ளையை வகுப்பிலிருந்து பிடுங்குகிறான். பெர்கமோக்காரனுக்கு மகனிடம் விட்டுவிட்டுப் போக ஒரு கைப்பிடி மண்கூட இல்லை. படிப்பு ஒன்றுதான் பண்ணையார் பங்கு கேட்க முடியாதது. பாசம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் வருவாய்த் துறையில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், யார் வீட்டுப் பிள்ளை எப்போது பள்ளிக்கூடத்திலிருந்து நிற்கும் என்பதை நிலப் பதிவேட்டைப் பார்த்தே பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

பாத்திஸ்தி எங்கே போனான் என்று ஓல்மி காட்டுவதில்லை. அப்படிப்பட்டவர்கள் போன வழிகள் ஒன்றிரண்டுதான். கூலி வேலை, மிலான் நகரத்து ஆலை, இல்லாவிட்டால் கப்பல். 1913ஆம் ஆண்டில் மட்டும் 8 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். விளைச்சலைப் பங்கு போடும் வார ஒப்பந்தங்களைப் புதிதாக எழுதக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது 1964இல். அதற்குப் பதினான்கு வருஷம் கழித்துத்தான் இந்தப் படம். நடித்தவர்கள் அத்தனை பேரும் பெர்கமோ பக்கத்துக் குடியானவர்கள், கிராமத்துச் சனங்கள். அந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை. ஓல்மியே தன் பாட்டியிடம் கேட்ட கதைகளைத்தான் எடுத்தார். எழுதியது, இயக்கியது, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே.

பார்க்கப் போகும் வாசகர்களுக்கு ஒரு யோசனை. அந்த ஊர்ப் பேச்சில் இருக்கிற பதிப்பைத் தேடிப் பாருங்கள். நகரத்து இத்தாலியனுக்கே புரியாத பேச்சு அது. பொது இத்தாலிய மொழியில் குரல் கொடுத்த பதிப்பும் உண்டு. புரியாத மொழியில் பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். இல்லை, குரலில் இருக்கிற மண் காதுக்குத் தெரிகிறது. மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு ராத்திரியாகப் பாருங்கள். முதலில் வரும் அந்த எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
லால்குடி.

பி.கு.: கட்டுரையோடு வந்த புகைப்படத்துக்குக் கீழே மினெக்கின் பெற்றோர் என்று போட்டிருக்கிறீர்கள். அது மினெக்கின் பெற்றோர் இல்லை, நூற்பு ஆலையில் வேலை செய்யும் மதலேனாவும் அவள் கணவன் ஸ்தெஃபானோவும். கல்யாணம் ஆன கையோடு படகேறி மிலான் போகிறார்கள். தூரத்தில் புகை தெரிகிறது, நகரத்தில் சிப்பாய்கள் ஆட்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். 1898 மே மாதம் அதே மிலானில் ரொட்டி விலைக்காகக் கூடிய மக்கள் மேல் தளபதி பாவா பெக்காரிஸ் பீரங்கியால் சுட்டார், அரசுக் கணக்கிலேயே 80 பேர் செத்தார்கள். படம் அதைப் பெயர் சொல்லாமல் தாண்டிப் போகிறது. புதுத் தம்பதி மடத்தில் கன்னியாஸ்திரீயாக இருக்கும் அத்தையைப் பார்த்து ஒரு ராத்திரி தங்குகிறார்கள். மறுநாள் காலையில் அவர் ஒரு அநாதைக் குழந்தையைக் கையில் கொடுக்கிறார். வளர்க்கும் செலவுக்குப் பணமும் வரும் என்று சொல்கிறார். போகும்போது இரண்டு பேர், திரும்பும்போது மூன்று பேர். ஊருக்கு வந்ததும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தக் குழந்தை பாசத்துக்கா பணத்துக்கா என்று எங்கள் நூலகத்தில் படம் முடிந்து ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கட்டுரையில் இந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.